மூன்று பேர் இறக்கிய மணி

பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் முதன்முதலாக வாய் திறந்து கேட்டது சுகமா என்றல்ல. உன்னுடைய மொழியை வாசிக்கத் தெரிந்த அல்பேனியன் எவனாவது இந்த நாட்டில் இருக்கிறானா என்று கேட்டார்.

நான் பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றேன். அவர் வேலிக்கு மேலால் எங்கள் பக்கம் சரிந்த தன் முந்திரிகைக் கொடியை வெட்டுகிற சாட்டில் நின்றார். சிட்னியில், மெரிலேண்ட்ஸில் அந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்து பல வருடங்களாகிவிட்டன. அதுவரை எங்களுக்குள் இருந்த உறவெல்லாம் குப்பைத் தொட்டி வைக்கிற காலையில் கையை உயர்த்துவதுதான். இப்போது அவர் கையில் கத்தரிக்கோல் வெட்டாமல் திறந்தபடி நின்றது.

இல்லை என்றேன். பிறகு, இருக்காது என்று திருத்தினேன். பரமட்டா நீதிமன்றங்களில் மொழிபெயர்த்துப் பிழைக்கிறவளுக்கு இல்லை வேறு, இருக்காது வேறு.

அவருக்கும் அது வேறாகத்தான் பட்டிருக்கவேண்டும். ஒரு கொப்பை வெட்டினார். யோசித்து இன்னொன்றை வெட்டினார். பிறகு கொடியைப் பார்த்தபடியே சொன்னார்: தன் ஊரின் வரலாற்றை யாரிடமாவது சொல்லி எழுதுவிக்கவேண்டும். ஆனால் தன் ஊரவர் எவரும் அதை வாசித்துவிடக் கூடாது. நீ கதை எழுதுகிறவள் என்று உன் புருஷன் தபால்காரனிடம் சொன்னது கேட்டது. எழுதுவாயா?

அவர் பேசியது மலைக்கற்கள் உருளுகிற ஆங்கிலம். நான் பேசுவது கடற்கரை மணல் ஒட்டிய ஆங்கிலம். ஆனால் எவர் எந்த மொழியில் பேசினாலும் என் தலைக்குள் அது எங்கள் மன்னார்த் தமிழாகத்தான் விழும், தொழில் கொடுத்த வியாதி. ஆகவே அவரை இங்கே அப்படியே பேசவிடுகிறேன்.

என் கணவருக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. அந்த மனிதருக்கு அவர் எப்போதோ மலைக்காரர் என்று பெயர் வைத்திருந்தார். முன் யன்னலின் திரையை ஒருபோதும் முழுதாய்த் திறவாத மலைக்காரர். கதவுமணி அடித்தால் முதலில் மாடி யன்னலில் வந்து பார்க்கிற மலைக்காரர்.

"கதை சொல்லுறவன் ஆராவது கேக்கவேணும் எண்டு சொல்லுவான்," என்றார் கணவர் தோசையைப் பிய்த்தபடி. "ஒருத்தரும் கேக்கக்கூடாது எண்டு கதை சொல்லுறவனைப் பற்றிப் பொலிசுக்குத்தான் சொல்லவேணும். அந்தாள் எதையோ தாட்டு வைச்சிருக்கு. தோண்டுறதுக்கு உம்மைக் கூப்பிடுது."

"தோண்டுறதுக்கில்லை. மூடுறதுக்கு."

"அப்ப ரெண்டு மண்வெட்டியாக் கொண்டு போம்."

சனிக்கிழமைப் பின்னேரங்களில் போனேன். முந்திரிகைப் பந்தலின் கீழே இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள், நீளக் கைப்பிடி வைத்த சின்னப் பித்தளைப் பாத்திரத்தில் காய்ச்சிய கோப்பி, அடியில் மண்டி. அவர் எப்போதும் சுவருக்கு முதுகைக் கொடுத்து, படலையைப் பார்த்தபடி உட்காருவார். முதல் நாளே நிபந்தனை போட்டார். ஊரின் பெயர் எழுதக்கூடாது, ஆற்றின் பெயர் கூடாது, ஒரு மனிதரின் பெயரும் கூடாது. பெயர் எந்த எழுத்தில் எழுதினாலும் வாசித்தால் ஒரே சத்தம்தான் வரும் என்றார். அவரைப்போல் சந்தேகப்படத் தெரிந்தவர்களை நான் நீதிமன்ற வாசலிலும் கண்டதில்லை.

எனக்கும் அது புதிதில்லை என்பதுதான் உண்மை. மொழிபெயர்க்கப் போகிற இடமெல்லாம் எங்கள் ஆட்கள் என்னை முதலில் கேட்பது, நீங்கள் எந்த ஊர். அது அன்பாகக் கேட்கிற கேள்விபோலத்தான் இருக்கும். பதிலைச் சொன்ன பிறகு அவர்கள் கண் எங்கே போகிறது என்று பார்க்கவேண்டும். யாருக்கு இவள் உறவு, யாரிடம் போய்ச் சொல்வாள், இவள் ஊர்க் கோயில் யாருடைய பக்கம் நின்றது. ஒரு கடற்கரையே அந்தக் கண்ணுக்குள் ஓடி முடியும். மலைக்காரர் என்னிடம் எந்த ஊர் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அதனால்தான் அவரை நான் நம்பவில்லை.

அவருடைய ஊர் அல்பேனியாவின் வடக்கில், மழை வந்தால் ஒன்று, பனி வந்தால் ஒன்று என்று இரண்டு விதமாக அடைபடுகிற ஒரு பள்ளத்தில் இருக்கிறது. கல்வீடுகள். யன்னல்கள் ஒரு முகம் பார்க்கும் அளவு. வெளிச்சத்துக்கு அல்ல, துவக்கு நீட்டுவதற்கு வைத்தது என்று சிரித்தார். சோளம், ஆடு, கஸ்கொட்டை மரங்கள். ஊர் நடுவே ஒரு ஊற்று. ஊற்றுக்கு மேலே கத்தோலிக்கக் கோயில். துருக்கியர் வந்தபோது ஊர் மலைக்குள் ஏறி ஒளிந்ததாம். அரசர்கள் வந்ததும் போனதும் வரி கேட்க ஆள் வந்தபோதுதான் தெரியுமாம். அதுவரை அவர் சொன்னதில் ஆட்டுமணிச் சத்தம் இருந்தது. அதற்குப் பிறகு, கம்யூனிஸ்ட் கட்சியின் காலம் தொடங்கியதும், வரலாறு என்று அவர் சொன்னதெல்லாம் யார் யாரைப் பார்த்தார்கள் என்பதுதான். யார் வீட்டுப் புகை பிந்தி எழுந்தது. யார் வெள்ளிக்கிழமை இறைச்சி தின்னவில்லை. ஊற்றடியில் யார் வந்ததும் எந்தப் பேச்சு நின்றது. வயல் ஓரமெல்லாம் காளான் மாதிரி காங்கிரீட் பதுங்குகுழி முளைத்தது, அந்நியன் வருவான் என்று. அந்நியன் வரவேயில்லை. உள்ளுக்குள்ளேயே போதிய ஆட்கள் இருந்தார்கள்.

அரசாங்கம் கடவுளைத் தடை செய்தபோது அவர் சிறுவன். கோயில் கம்பளி அடுக்குகிற களஞ்சியமானது. மணியை உருக்குவதற்கு லொறி வரப்போவதாகச் செய்தி வந்தது. லொறி வந்தபோது கோபுரத்தில் மணி இல்லை. யாருக்கும் தெரியாது என்று ஊர் முழுக்க ஒரே குரலில் சொல்லி, அந்தக் குளிர்காலத்தைக் கடந்துவிட்டது.

அவருடைய அப்பாதான் இறக்கியது. அவர்களுடைய சோளக் கொட்டிலில், ஆட்டுக்குப் போடுகிற காய்ந்த இலைக் குவியலுக்குள் அது படுத்திருந்தது. பனி உருகிய கையோடு பொலிஸ் வந்தது. எந்த வீட்டையும் கிளறவில்லை. எவரையும் அதட்டவில்லை. நேரே கொட்டிலுக்குள் போய், இடப்பக்க மூலையில் கையை விட்டு, குழந்தையை எடுப்பதுபோல மணியை எடுத்தார்கள். அப்பாவைச் செம்புச் சுரங்கத்துக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை.

அப்பாவோடு சேர்ந்து மணியை இறக்கியவர், சரிவில் அவர்களுக்கு மேலே இருந்த மேல்வீட்டுக்காரர். அது ஊருக்குத் தெரியும். அவரை யாரும் கொண்டுபோகவில்லை. ஊர் தீர்ப்பு எழுத அது போதும்.

"அடிச்சீங்களோ அந்தாளை?" என்று கேட்டேன்.

நாக்கை ஒரு தரம் தட்டி, நாடியை மேலே தூக்கினார். அவர்கள் ஊரில் அது இல்லை என்று அர்த்தம்.

அடியைவிடக் கெட்டது ஒன்று அவர்களிடம் இருந்தது. கலியாணமோ இழவோ, ஆட்கள் கூடுகிற இடத்தில் எல்லோருக்கும் கோப்பி கொடுப்பார்கள். மானம் போன வீட்டுக்காரன் என்று ஊர் நினைக்கிறவனுக்குக் கடைசியாகக் கொடுப்பார்கள். அதுவும் நேராக அல்ல. கொடுக்கிறவன் தன் முழங்காலைத் தூக்கி, அதன் கீழால் கோப்பையை நீட்டுவான். வாங்கிக் குடிக்கிறவன் குடிக்கலாம், எழும்பிப் போகிறவன் போகலாம். போனால் ஊரைவிட்டே போவது. மேல்வீட்டுக்காரர் போகவில்லை. சாகும்வரை ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் கோப்பியை வாங்கிக் குடித்தார்.

"நானும் குடுத்தனான், தங்கச்சி. மீசை அரும்பின வயசு. ஒரு கலியாண வீட்டில என்னைத்தான் குடுக்கச் சொன்னவை. காலைத் தூக்கினன். அந்தாள் என்ர முகத்தைப் பாத்திட்டு வாங்கிக் குடிச்சது. பக்கத்தில அந்தாளின்ர மகன் நிண்டவன்."

அன்று வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்குக் கை நின்றது.

முதல் வாரம் மணியைப் பற்றிச் சொன்னபோது, கோபுரத்திலிருந்து இறக்கிய இரவில் மூன்று பேரின் உள்ளங்கைத் தோலும் கயிற்றோடு போனது என்று சொல்லியிருந்தார். மூன்று பேர். இன்றைக்குக் கதை இரண்டு பேரோடு முடிந்துவிட்டது. சாட்சிக் கூண்டில் நிற்கிறவர்கள் இப்படித்தான் சறுக்குவார்கள். எண்ணிக்கையில்தான் சறுக்குவார்கள், கண்ணீரில் ஒருநாளும் சறுக்குவதில்லை. அப்போது நான் ஒன்றும் சொல்லமாட்டேன், சறுக்கியதையும் அப்படியே மொழிபெயர்த்துவிட்டு நிற்பேன். ஆனால் காது எழுந்து உட்கார்ந்துவிடும்.

கணவரிடம் சொன்னேன். அவர் சவர்க்கார நுரையோடு கோப்பையைப் பிடித்தபடி திரும்பினார்.

"மூண்டாமவர் ஆரெண்டு கேளும். கேட்டால் அந்தாள் இனிக் கூப்பிடாது. எனக்கும் சனிக்கிழமையில ஒரு நேரச் சாப்பாடு கிடைக்கும்."

கேட்கவில்லை. கேட்காமல் சுமந்து திரிந்தேன். ரயிலில் போகும்போது சுமந்தேன். மேல்வீட்டுக்காரர் ஒருவேளை நிரபராதியோ. நிரபராதியென்றால் ஏன் மூன்றாமவரின் பெயரைச் சொல்லாமல் சாகும்வரை அந்தக் கோப்பியைக் குடித்தார். மலைக்காரர் யாரை மறைக்கிறார். இரவில் என் ஊர் வந்தது. வரவேண்டாம் என்றால் வராமலா இருக்கும்.

ஆமி எங்களைக் கோயில் வளவில் வரிசையாக நிறுத்திய காலை. சாக்குப் போர்த்திய உருவம் ஒன்று, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. தலையாட்டி என்போம். அது தலையாட்டினால் ஆள் போய்விடும். என் அண்ணனுக்கு முன்னால் சாக்கு நின்று, ஆடாமல் அடுத்தவரிடம் நகர்ந்தது. அடுத்தவரிடம் ஆடியது. அன்று பின்னேரமே ஊர் துப்பறியத் தொடங்கியது. சாக்குக்குக் கீழே தெரிந்தது ஒரு சோடிச் செருப்பு. அதே மாதிரிச் செருப்பு வைத்திருந்த ஒரு மீன் வியாபாரியின் வீட்டில் அதற்குப் பிறகு ஒருவரும் தேத்தண்ணி குடித்ததில்லை. போவார்கள், கதைப்பார்கள், கோப்பை அப்படியே ஆறும். அந்த வீட்டு அக்கா ஆறிய தேத்தண்ணியை மாமரத்தடியில் ஊற்றுவதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். அந்தச் செருப்பு சந்தையில் எல்லாக் கடையிலும் தொங்கியது. அதை ஒருவரும் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை கேட்டுவிட்டேன்.

"அங்கிள், மணியை எத்தனை பேர் இறக்கினது?"

நாக்குத் தட்டவில்லை. நாடி உயரவில்லை. கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். யன்னல் திரை அசைந்து மூடியது. அதற்குப் பிறகு சில வாரங்கள் அவர் வேலிப் பக்கமே வரவில்லை. கொடி தன்பாட்டில் எங்கள் உடுப்புக் கொடிவரை வந்து ஒரு சட்டையைப் பிடித்துக்கொண்டது.

பிறகு ஒரு காலை, நான் வேலைக்குப் புறப்படுகையில், படலையில் நின்றார். முகம் வழிக்காமல், நித்திரை இல்லாத கண்ணோடு. அவன் வருகிறான் என்றார். மேல்வீட்டுக்காரரின் மகன், அந்தக் கலியாண வீட்டில் நின்ற சிறுவன். இப்போது அறுபது வயதாகி மெல்பேர்ணில் இருக்கிறான். சனிக்கிழமை பிளேனில் வருகிறான்.

என்ன காரியம் என்பதைக் கைத்தொலைபேசியில் காட்டினார். உலகமெல்லாம் சிதறிப்போன ஊரவர்கள் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். பாழடைந்த ஊற்றைத் திருத்திக் கட்டி, அதன் மேல் ஒரு கல் நட்டு, ஊரில் இருந்த எல்லா வீட்டாரின் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். படத்தில் வெள்ளைக் கல் மினுங்கியது. வரிகளுக்கு நடுவே ஒரு பெயர் அளவுக்கு வெறும் இடம். மேல்வீடு. அந்தப் பெயரை வெட்டலாமா என்று குழுவில் பேச்சு எழுந்தபோது, செம்புச் சுரங்கத்துக்குத் தகப்பனைக் கொடுத்த வீடு சரி என்று சொன்னால் வெட்டுவோம் என்று முடிவானதாம். அந்த வீட்டில் மிச்சம் இருப்பது இவர் ஒருவர். அவன் தன் தகப்பனுக்காக மன்னிப்புக் கேட்க வருகிறான்.

"மன்னிச்சு விடுங்கோவன்," என்றேன். ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

அவர் படலையின் கொளுவியைத் திறந்து பூட்டினார். பிறகு சொன்னார்.

"மூண்டு பேர்தான். மூண்டாமவர் என்ர அங்கிள்."

"எந்த அங்கிள்?"

விளங்காமல் பார்த்தார். நாங்கள் இந்த நாட்டில் கறிவேப்பிலை விற்கிறவரிலிருந்து பல் பிடுங்குகிறவர்வரை எல்லாரையும் அங்கிள் என்போம், உங்களையும்தான் என்றேன். ஆனால் தமிழில் எழுதும்போது அது காணாது. அம்மாவின் சகோதரன் என்றால் மாமா, அப்பாவின் தம்பி என்றால் சித்தப்பா. ஆள் ஆரென்று சொல்லாமல் எனக்கு எழுத வராது.

ஒரு கணம் அவர் முகத்தில் சிரிப்புமாதிரி ஒன்று வந்தது. தங்களிடமும் அப்படித்தான், இரண்டுக்கும் இரண்டு சொல் என்றார். அப்பாவின் தம்பியை அவர்கள் பக்கத்தில் அஜா என்பார்களாம். ஒளிய வந்த மொழியிலும் ஆளைக் கேட்கிற வாசல்காவலன் நிற்கிறானே என்பதுபோல என்னைப் பார்த்தார்.

"அஜா," என்றார். "அப்பான்ர தம்பி."

அடுத்த இளவேனிலில் அந்தச் சித்தப்பா கூட்டுப்பண்ணையின் பொறுப்பாளரானார். தாயும் பிள்ளையும் அவர் வீட்டுச் சோள ரொட்டியைச் சாப்பிட்டு வளர்ந்தார்கள். எல்லாம் முடிந்து, மகனோடு சிட்னிக்கு வந்து, இங்கேயே படுக்கையில் விழுந்த பிறகுதான் தாய் சொன்னாள், சித்தப்பாதான் மணியைக் காட்டிக்கொடுத்தது என்று. அவளுக்கு முதல் வருடமே தெரியுமாம். மேல்வீட்டுக்காரருக்கும் தெரியும். ஆனால் மணியை இறக்கிய இரவில் மூவரும் ஒருவரையொருவர் காட்டிக்கொடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஒருவன் உடைத்தாலும் மற்றவன் உடைக்கக்கூடாது என்பது அந்த ஊரில் வாக்கு. மேல்வீட்டுக்காரர் அந்த வாக்கைத்தான் கோப்பியோடு குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஆகவே மன்னிப்பு யார் யாரிடம் கேட்கவேண்டியது. உண்மையைச் சொன்னால் கல்லில் இவர் வீட்டுப் பெயர் என்ன ஆகும். இத்தாலியில் சித்தப்பாவின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே குழுவில் காலை வணக்கம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இவர் தமிழைத் தேடி வந்த காரணம் எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. சொல்லியும் ஆகவேண்டும், சொன்னதாகவும் இருக்கக்கூடாது.

"சனிக்கிழமை சொல்லுவீங்களோ?"

கோப்பி போட வா என்று மட்டும் கேட்டார். தன் கை நடுங்குவதை அவன் பார்க்கக்கூடாதாம்.

கணவர் போகவேண்டாம் என்றார். ரெண்டு மலைக்காரர், ஒரு மணி, நடுவில நீர் என்னத்துக்கு என்றார். பிறகு, போனைக் கையில வைச்சிரும், நான் இஞ்சாலை வேலியடியில புல்லு வெட்டுறன் என்றார். வெட்டுவதற்கு எங்கள் வளவில் அவ்வளவு புல் கிடையாது.

வந்தவன் உயரமானவன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தான். வெளியே பந்தலின் கீழ் இருக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கவேண்டும். இருவரும் முன்னறைக்குள் போனார்கள். நான் குசினியில் பித்தளைப் பாத்திரத்தில் கோப்பி பொங்குவதைப் பார்த்து நின்றேன். கதவு நிலைக்குள்ளால் அவர்களுடைய கால்கள் தெரிந்தன. செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்பது உறைத்தபோது பார்வையை எடுத்தேன்.

இரண்டு கோப்பைகளையும் கொண்டுபோய் வைத்தேன். மலைக்காரர் தன்னுடையதைக் கிட்ட இழுத்தார். வந்தவன் தொடவில்லை. பேசத் தொடங்கினான். தாழ்ந்த குரல், மேசையைப் பார்த்த பேச்சு. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. விளங்காத மொழியின் முன்னால் நான் கடைசியாக எப்போது இருந்தேன் என்று தெரியவில்லை. என் தொழிலில் நான்தான் விளங்குகிறவள். இப்போது சத்தம் மட்டும் வந்தது. கெஞ்சுகிறானா, குற்றம் சாட்டுகிறானா, எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறானா. மலைக்காரர் அசையாமல் கேட்டார். வந்தவன் பேசி முடித்து நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தபடி இருந்தான். அவன் முன்னால் கோப்பி நுரை அடங்கி, மேலே ஆடை படிந்து, ஆறிக்கொண்டிருந்தது.

தெரியும் எனக்கு இந்தக் கோப்பை. மன்னிப்புக் கேட்கிறேன் என்று வந்துவிட்டு, இந்த வீட்டுக் கோப்பியில் வாய் வைக்கமாட்டாயோ. மாமரத்தடியில் ஊற்றுகிற அந்த அக்காவின் முதுகு கண்ணுக்குள் வந்தது. ஆறிய கோப்பையை விருந்தாளியின் முன்னால் காட்சிக்கு வைப்பது இந்தக் கிழவனுக்கு அவமானம். நான் எழுந்து, சூடாகத் தருகிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்லி, அவன் முன்னால் இருந்த கோப்பையை எடுத்துவிட்டேன்.

அவன் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினான். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தான்.

"வை," என்றார் மலைக்காரர். என்னை அப்படி அவர் அதட்டியதில்லை. "கோப்பையை வை, தங்கச்சி."

வைத்தேன்.

"கேக்க வந்தவன் பதில் கிடைக்குமட்டும் குடிக்கிறதில்லை. வீட்டுக்காரன் ஓம் எண்டு சொன்னால் குடிப்பான். இல்லையெண்டால் கோப்பையை எடுத்திடுவினம்." மூச்சு வாங்கினார். "நீ என்ர வாயால இல்லையெண்டு சொல்லிப்போட்டாய்."

வேலிக்கு அப்பால் புல் வெட்டுகிற இயந்திரம் நின்றது. வந்தவன் கதவுக்கும் மேசைக்கும் நடுவில் நின்றான். நான் வாயைத் திறந்தேன், என் பிழை, எனக்கு உங்கள் வழக்கம் தெரியாது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. மலைக்காரரைப் பார்த்தான். பிழை ஒரு அந்நியப் பெண்ணுடையதாகவே போயிருக்கலாம். அவன் மறுபடி உட்கார்ந்திருப்பான், இவர் மன்னித்தேன் என்று சொல்லியிருப்பார், பெயரும் கல்லில் ஏறியிருக்கும், பொய்யும் அதோடு ஏறியிருக்கும். அதற்கு எல்லாம் தயாராக இருந்தது.

மலைக்காரர் தன் கோப்பையை எடுத்தார். மேசையைப் பிடித்து எழும்பினார். இடக்கால் முழங்காலை மெல்ல உயர்த்தினார். வயதான கால், முழுதாக எழும்பவில்லை. கோப்பையை அந்த முழங்காலின் கீழால் கொண்டுபோய், மறுபக்கம் தன் மற்றக் கையாலேயே வாங்கினார். பாதி காற்சட்டையில் சிந்தியது. மிச்சத்தைக் குடித்தார். மண்டியோடு குடித்தார்.

வந்தவன் ஒரு எட்டு வைத்து அவர் மணிக்கட்டைப் பிடித்தான், தடுப்பதற்குப் பிந்திவிட்டது. பிடித்தபடியே ஏதோ கேட்டான். ஒரே ஒரு சொல். மலைக்காரர் பதில் சொன்னார், நான்கைந்து வாக்கியம், அவன் காதுக்கு மட்டும். அவன் பிடியைத் தளர்த்தி வந்து கதிரையில் விழுந்தான். இரண்டு கையாலும் முகத்தை மூடினான். அவனுடைய தோள்கள் குலுங்கின என்று எழுத ஆசை, குலுங்கவில்லை. கல்போல இருந்தான். பிறகு கைகளை எடுத்துவிட்டு, ஆங்கிலத்தில், எனக்கும் விளங்கவேண்டும் என்பதற்காகவே ஆங்கிலத்தில் சொன்னான்.

"எனக்குச் சொன்னால் காணாது. ஊருக்குச் சொல்லுங்கோ."

அவனுடைய கோப்பி மேசையில் இருந்தது. தொடவில்லை.

மலைக்காரர் கைத்தொலைபேசியை எடுத்தார். குழுவைத் திறந்தார். கல்லின் படம், அதற்குக் கீழே வணக்கங்கள், ரோசாப்பூக்கள். குரல் பதிகிற இடத்தில் பெருவிரலை வைத்தார். விரல் வழுகியது. இரண்டாம் தரமும் வழுகியது. நான் தொலைபேசியைத் தாங்கிப் பிடித்தேன். அவர் விரலை அழுத்திப் பேசத் தொடங்கினார்.

நீளமாகப் பேசினார். எனக்கு ஒன்றும் தெரியாது. பனியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம், கோயிலைப் பற்றி, லொறியைப் பற்றி. இந்த மனிதர் சுற்றி வளைத்துத் தப்பிவிடுவார் என்று என் காது சொன்னது. ஆயுள் முழுக்கச் சுவருக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்தவர். எல்லாம் பழைய கதை, யார் பிழையும் இல்லை என்று முடித்துவிட்டு விரலை எடுத்துவிடுவார். வந்தவனும் அதே சந்தேகத்தோடுதான் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அந்த மொழியில் தெரிந்தது ஒரே ஒரு சொல். அது வருகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். வாக்கியங்கள் வந்தன, போயின. அவர் ஒரு இடத்தில் நின்றார். விரல் எழும்பப் பார்த்தது.

"அஜா," என்றார்.

அதற்குப் பிறகு ஒரு பெயர் சொன்னார். நான் அதை எழுதமாட்டேன்.

விரலை எடுத்தார். தொலைபேசி கீச்சென்று ஒரு சத்தம் போட்டு, அவர் சொன்னதை மலைகளுக்கும் இத்தாலிக்கும் கொண்டுபோயிற்று. மூவரும் அந்தச் சின்ன வெளிச்சத்தையே பார்த்திருந்தோம். அது உடனே அதிரத் தொடங்கியது. ஒன்று, இன்னொன்று, பிறகு விடாமல். அவர் அதைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார்.

வேலிக்கு அப்பாலிருந்து என் கணவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், எல்லாம் சரியோ என்ற குரலில். ஓம், வாறன் என்று சொன்னேன்.

மேல்வீட்டுக்காரரின் மகன் கையை நீட்டித் தன் கோப்பையை எடுத்து உதட்டருகே கொண்டுபோனான். கோப்பி பச்சைத் தண்ணியாய் ஆறிப்போயிருந்தது. சூடாக்கித் தரட்டுமா என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.